இறால் ஓட்டுத் தாளில் அசைவது எது?

கேள்வி: 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்த ஊர் எங்களுடையது. 2001-இல் சுரங்கம் மூடும்வரை மின் பிரிவில் வேலை பார்த்தேன். மகள் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறாள். இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானை மெல்லிய தாளாக்கி, எல்.சி.ஆர். மீட்டரில் மாட்டி, மூலக்கூறுகளின் அசைவை அளக்கப் போகிறாளாம். கேபிளுக்கு மெக்கர் போட்டுப் பழகிய எனக்கு இது பிடிபடவில்லை. கண்ணுக்குத் தெரியாத அசைவு மீட்டரில் எப்படித் தெரியும்?
- வாசகர், ராபர்ட்சன்பேட்டை, கோலார் தங்கவயல்

பதில்: மெக்கர் போட்டவருக்குப் பாதி விஷயம் ஏற்கெனவே தெரியும். ஈரம் ஏறிய கேபிளில் மெக்கர் காட்டும் காப்புத் தடை இறங்கிவிடும் அல்லவா? மெக்கர் கொடுப்பது டிசி. கொள்திறனையும் மின்னிழப்பையும் அளக்கும் எல்.சி.ஆர். மீட்டரில் உங்கள் மகள் கொடுக்கப்போவது ஏசி. அதையும் 20 ஹெர்ட்ஸிலிருந்து 10 லட்சம் ஹெர்ட்ஸ் வரை மாற்றிக்கொண்டே போவாள்.

கைட்டோசான் ஒரு பாலிமர், அதாவது நீண்ட சங்கிலி மூலக்கூறு. அந்தச் சங்கிலி நெடுக, ஒரு முனை சற்றே நேர்மின்னும் மறுமுனை சற்றே எதிர்மின்னும் கொண்ட சிறு தொகுதிகள் இருக்கின்றன. மின்புலம் திசை மாறும்போது அவையும் திரும்பப் பார்க்கும். புலம் மெதுவாக மாறினால் கூடவே திரும்பிவிடும்; மிக வேகமாக மாறினால் திரும்ப நேரமே இருக்காது. இடைப்பட்ட ஓர் அதிர்வெண்ணில் பின்தங்கித் திரும்பும். அங்கேதான் மின்னிழப்பு, அதாவது வெப்பமாக வீணாகும் மின்னாற்றல், உச்சம் தொடும். உச்சம் 1,000 ஹெர்ட்ஸில் வந்தால், அந்த அசைவுக்கான நேரம் சுமார் 0.16 மில்லிசெகண்ட். வெவ்வேறு வெப்பநிலைகளில் அளந்தால் அசைவது பக்கக் கிளையா, சங்கிலியின் நீண்ட பகுதியா என்றும் பிரித்துச் சொல்லலாம்.

தாளின் இரு முகங்களிலும் பெரும்பாலும் தங்கம் பூசுவார்கள். தங்கம் காற்றுபட்டு மங்காது, இடைவெளி விடாமல் படியும். 50 மைக்ரான் தடிமன், 1 செ.மீ. விட்டம், மின்கடத்தா மாறிலி 4 என்றால் கொள்திறன் ஏறத்தாழ 56 பிகோஃபாரட்தான். இணைப்பு வயரின் கொள்திறனே இதைக் குழப்பிவிடும். முதலில் அதைக் கழித்தாக வேண்டும்.

மகளிடம் நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது ஈரத்தைப் பற்றி. கைட்டோசான் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். நீர் சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து அவற்றை இளக்கும். உச்சம் இடம் மாறும். அயனிகளும் நகர்ந்து மின்முனையருகே குவியும். அதனால் குறைந்த அதிர்வெண்களில் மின்கடத்தா மாறிலி ஆயிரக்கணக்கில் எகிறும். அதை மூலக்கூறின் அசைவு என்று எழுதிவிடக் கூடாது. கைட்டோசான் எந்த வெப்பநிலையில் இளகும் என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகாததற்கு இந்த ஈரமும் ஒரு காரணம். வெற்றிடத்தில் உலர்த்தி, எடை பார்த்து, பிறகு அளக்கட்டும். சூடேற்றியபடி ஒருமுறை, ஆறவைத்து மீண்டும் ஒருமுறை. முதல் முறை வந்து இரண்டாம் முறை காணாமல் போகும் உச்சத்தை நீரின் கணக்கில் வைத்துச் சந்தேகிப்பது நல்லது.

உங்கள் தொழிலிலும் இந்த அளவீடு உண்டு. டிரான்ஸ்ஃபார்மர் சுருளில் சுற்றிய காகிதம் செல்லுலோஸ். அதுவும் இயற்கைப் பாலிமர்தான். அதில் சேர்ந்த ஈரத்தை, மில்லிஹெர்ட்ஸ் தொடங்கி மின்னிழப்பை அளந்து, தொட்டியைத் திறக்காமலே கணிக்கிறார்கள். டான் டெல்டா என்று மின் பிரிவில் சொல்வது இந்த இழப்பைத்தான். மகளின் வரைபடத்திலும் அதே பெயர் இருக்கும், கேட்டுப் பாருங்கள்.