ஆடிப்பதினெட்டு: பிள்ளைகளுக்கு எதைக் கதையாகச் சொல்வது, எதை வரலாறாகச் சொல்வது?

சேலம், நாமக்கல் பக்கம் ஆடி பிறந்து பதினெட்டு நாளுக்குள் நாலு கதை வந்து சேர்ந்துவிடும். ஆடி ஒன்றில் தேங்காய் சுடும் நோம்பி, அதோடு பாரதப் போர். பதினெட்டில் காவிரிப் பெருக்கு. அதே நாளில் கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா, சங்ககிரியில் தீரன் சின்னமலை நினைவு நாள். ஒரே மூச்சில் கேட்கிற பிள்ளைக்கு எல்லாமே ஒரே அளவு உண்மையாகப் பதிந்துவிடுகிறது. நோம்பியைக் கெடுக்காமலே இவற்றைப் பிரித்துக் காட்ட முடியும். காட்டியே ஆக வேண்டும் என்பேன்.

செய்ய வேண்டியவை

• "இதை யார் சொன்னது, எப்போது சொன்னது?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்கப் பழக்குங்கள். மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான்.

• கதையைக் கதையோடே உரசிப் பார்க்க விடுங்கள். தேங்காயின் கண்ணைத் துளைத்து, பொட்டுக்கடலை, எள், வெல்லம் போட்டு, அழிஞ்சிக் குச்சியில் செருகி நெருப்பில் வாட்டும்போது, "பாரதப் போர் ஆடி ஒண்ணுல தொடங்கி பதினெட்டுல முடிஞ்சுது கண்ணு" என்பார் அம்மாயி. பிள்ளை கையில் காலண்டரைக் கொடுங்கள். பீஷ்மர் பத்தாம் நாள் சாய்ந்தார், உத்தராயணத்துக்காக அம்புப் படுக்கையில் 58 இரவு கிடந்தார் என்று பாரதமே சொல்கிறது. உத்தராயணம் என்று நாம் வைத்திருப்பது தை முதல் நாள். ஆடி பத்திலிருந்து தை ஒன்றுவரை எண்ணினால் 170 நாளைத் தாண்டுகிறது. தையிலிருந்து 58 நாள் பின்னால் போனால் கார்த்திகைத் தொடக்கத்தில்தான் நிற்கிறோம். ஆக, ஆடியில் போர் என்பது பாரதத்தின் கணக்குக்குள் அடங்காது. அது நம் பக்கத்து வாய்மொழி. பத்து வயதுப் பிள்ளை தானே எண்ணிக் கண்டுபிடித்தால் பிறகு மறக்கவே மறக்காது.

• தேதி முரண்பட்டால் உடனே ஒன்றைப் பொய் என்று தள்ளாமல், காரணம் தேடச் சொல்லுங்கள். சின்னமலை சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டது 1805 ஜூலை 31. அஞ்சல் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டதும் 2005 ஜூலை 31இல்தான். ஆனால் சங்ககிரியில் மாலை போடுவது ஆடிப்பதினெட்டில், அதாவது ஆகஸ்ட் 2 அல்லது 3இல். எது சரி? இரண்டும் சரி. நட்சத்திரங்களை வைத்துக் கணிக்கும் தமிழ் ஆண்டு, ஆங்கில ஆண்டைவிட ஏறக்குறைய 20 நிமிடம் நீளம். சுமார் 70 ஆண்டுக்கு ஒரு நாள் தள்ளிப்போகும், 220 ஆண்டில் மூன்று நாள். ஆகஸ்ட் 3இலிருந்து அந்த மூன்று நாளைக் கழித்தால் ஜூலை 31 வந்து நிற்கிறது. விவேகானந்தர் மகர சங்கராந்தியன்று பிறந்தார், ஆனால் தேதி 1863 ஜனவரி 12. அதுவும் இதே கணக்குதான். எனக்கு மிகப் பிடித்த பாடம் இது.

• பாட்டைப் பாட்டாகச் சொல்லுங்கள். ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, புற்றிலிருந்த உடும்பு என ஐந்தையும் துளைத்தது என்பது புறநானூற்றில் 152ஆம் பாட்டு, பாடியவர் வன்பரணர். ஓரி என்றொரு தலைவன் கொல்லியை ஆண்டான், புலவர்கள் அவனைப் பாடினார்கள் என்பது வரலாறு. ஐந்து விலங்கு, புலவர் தந்த புகழ்ச்சி. தன்னை நேரில் புகழ்ந்ததும் ஓரி நாணினான் என்று அதே பாட்டில் வருகிறதே, அதையும் சொல்லுங்கள். விழா மேடைகளில் அதை யாரும் சொல்வதில்லை.

• மோகனூரிலோ ஜேடர்பாளையத்திலோ ஆற்றுக்குக் கூட்டிப் போனால், "தண்ணி எங்கிருந்து வருது?" என்று கேளுங்கள். குடகில் பெய்யும் தென்மேற்குப் பருவமழைதான் ஆடிப் பெருக்கு. 1934இல் மேட்டூர் அணை வந்தபிறகு, பெருக்கு அணையின் மதகைப் பொறுத்தது.

செய்யக்கூடாதவை

• "அம்மாயி பொய் சொல்லுது" என்று பிள்ளை முன்னால் சொல்லக்கூடாது. அவர் தன் அம்மாவிடம் கேட்டதைச் சொல்கிறார். "நீங்க யார்கிட்டக் கேட்டீங்க அம்மாயி?" என்று பிள்ளையைக் கேட்க வையுங்கள்.

• படத்தையும் சிலையையும் சான்றாகக் காட்டக்கூடாது. 1805இல் சின்னமலையைப் புகைப்படம் எடுக்க யாருக்கும் வழியில்லை. கொல்லிமலைச் செம்மேட்டில் சிலையாக இருக்கும் ஓரியும் சிற்பியின் மனத்தில் பிறந்தவன்தான்.

• பேச்சுப் போட்டிக்கு வசனம் கட்டி, சின்னமலையே பேசியதாக மனப்பாடம் செய்ய வைக்கக்கூடாது. மைசூருக்குப் போன வரிப்பணத்தைப் பறித்து, சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் ஒரு சின்னமலை இருப்பதாகச் சொல்லி அனுப்பினார் என்ற கதையும், சமையல்காரர் காட்டிக்கொடுத்த கதையும் கொங்கு மக்கள் வாய்வழி வந்தவை. "எங்க பக்கம் இப்படிச் சொல்லுவாங்க" என்று தொடங்கிப் பேசட்டும். கைதட்டல் குறையாது.

• "ஓரி எங்க ஆளு", "சின்னமலை எங்க ஆளு" என்று சாதி வேலிக்குள் வைத்துச் சொல்லித்தரவே கூடாது. அப்படி வளரும் பிள்ளை சான்றைத் தேடாது, தன் பக்கத்துக்கு வசதியானதைத்தான் தேடும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

• வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே வகுப்பில் வாசிக்கக்கூடாது.

• கசக்கிற பகுதியை மறைக்கக்கூடாது. ஓரியைக் கொன்றது மலையமான் திருமுடிக்காரி. கொல்லியைப் பிடித்துச் சேரனுக்குக் கொடுத்ததும் அவன்தான் என்கிறது அகநானூறு 209, கல்லாடனார் பாட்டு. ஓரியைப் போலவே காரியும் கடையெழு வள்ளல்களில் ஒருவன். ஒரு வள்ளல் இன்னொரு வள்ளலைக் கொன்றானா என்று பிள்ளை கேட்கும். ஆமாம் என்று சொல்லுங்கள், ஏன் என்று பிள்ளையோடு சேர்ந்து தேடுங்கள்.