ஆற்றுப்படுத்தும் அறையிற் கடிகாரம்

கல்லூரியில் வாழும் நமக்கு மணியோசை புதிதன்று. ஆசிரியர் ஒரு பொருளை விளக்கி வருங்கால் மணி அடித்தவுடன் ஏடுகளை மூடி எழுகின்றோம். எஞ்சி நின்ற பகுதி மறுநாள் தொடரும்; அதனால் எவர்க்கும் பேரிழப்பு இல்லை. ஆனால், தன் துயரத்தைச் சொல்லத் தொடங்கிய ஒருவர்க்கு இடையே அம்மணி அடிக்குமாயின் யாது நிகழும்? இக்காலத்தார் கவுன்சலிங் என வழங்கும் ஆற்றுப்படுத்துதல் இன்று கல்லூரிகள் பலவற்றிலும் மருத்துவமனைகளிலும் நடைபெறுகின்றது. அதற்கென ஓர் அறை உண்டு. அவ்வறையில் ஒரு கடிகாரமும் உண்டு. உதவி நாடி அங்குப் புகுவோர் அக்கடிகாரத்தைப் பற்றி யாது உணர்கின்றனர் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம். உளநூல் பயிலும் மாணவர்க்கும், நாளை பிறர் துயர் கேட்கும் பணியில் அமர்வோர்க்கும் இது சிறு பொருளன்று.

நம்மிடையே கடிகாரம் புகுந்த வரலாறு

நம் முன்னோர் ஒரு நாளை அறுபது நாழிகையாகப் பகுத்தனர். நாழிகை ஒன்று 24 நிமிஷம். நீர் வட்டில் கொண்டு நாழிகை அளந்து அரசனுக்கு அறிவிப்போர் இருந்தமையை முல்லைப்பாட்டால் அறிகின்றோம். ஆயினும் உழுதுண்டு வாழ்ந்த ஊர் மக்கள் நிழலின் நீளத்தையும் விண்மீன்களின் நிலையையும் கண்டே பொழுது அறிந்தனர். அவர்களுக்குக் காலம் வேலையோடு கூடி நடந்ததேயன்றி, வேலையை நிறுத்தும் அதிகாரம் பெற்றதன்று.

அவ்வதிகாரம் பின்னர் வந்தது. 1875ஆம் ஆண்டில் திருச்சியிலிருந்து மதுரைக்கு ரயில் வந்தது. ரயில் எவர்க்காகவும் காத்து நில்லாது என்பதை மக்கள் கற்றனர். 1892ஆம் ஆண்டில் மதுரையில் ஹார்வி ஆலை எழுந்தது. ஆலைச் சங்கின் ஓசைக்கு அஞ்சி ஆயிரக்கணக்கானோர் விரைந்து நடந்தனர். 1906ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தொட்டு இந்தியாவிற்கெனப் பொது நேரம் ஒன்று நடைமுறைக்கு வந்தது. பள்ளியின் மணியும், தேர்வுக்கூடத்தின் கடிகாரமும், மருத்துவமனையில் சீட்டு வழங்கும் நேரமும் இவற்றைத் தொடர்ந்தன.

வைகையின் வடபால், திண்டுக்கல் சாலையை ஒட்டியுள்ள விளாங்குடியை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். வயலும் கண்மாயுமாய் விளங்கிய இவ்வூர் 2011ஆம் ஆண்டில் மதுரை மாநகராட்சியோடு இணைந்தது. இங்கு ஒரே வீட்டில் பாட்டியார் முற்றத்து வெயிலைப் பார்த்து உலை வைக்கின்றார். பேரனோ கைபேசியைப் பார்த்துப் பஸ்ஸுக்கு ஓடுகின்றான். காலம் பற்றிய இருவேறு உணர்ச்சிகள் ஒரே கூரையின்கீழ் வாழ்கின்றன. இத்தகைய வீட்டிலிருந்து ஒருவர் ஆற்றுப்படுத்தும் அறைக்கு வரும்போது, அங்குள்ள கடிகாரம் அவர் கண்ணுக்கு வெறும் கருவியாய்த் தோன்றுவதில்லை. இதுகாறும் கடிகாரத்தைக் காட்டித் தம்மை விரட்டியோர் அனைவரின் முகமும் அதில் தோன்றும். இதனை ஆற்றுப்படுத்துநர் முதலில் உணர்தல் வேண்டும்.

ஒரு மணி நேரம் என்னும் வரையறை

இவ்வறையில் நேரம் வரையறுக்கும் வழக்கம் எங்ஙனம் தோன்றிற்று? வியன்னா நகரத்து மருத்துவர் பிராய்டு, 1913ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை ஒன்றில் தம் முறையை விளக்கியுள்ளார். நோயாளி ஒவ்வொருவர்க்கும் நாள்தோறும் ஒரு மணி நேரம் ஒதுக்கப்படும். அந்நேரம் அவர்க்கே உரியது. வாராது போயினும் அதற்குரிய கட்டணத்தை அவர் செலுத்துதல் வேண்டும் என்பது அம்முறை. கேட்பதற்குக் கடுமையாயினும் இதனுள் ஓர் உறுதிமொழி உண்டு. வேறு எவரும் அந்நேரத்தைப் பறித்தல் இயலாது. அதே கட்டுரையில் மற்றொன்றும் கூறுகின்றார்: சிலர் மனம் திறப்பதற்குள் ஒரு மணியின் பெரும்பகுதி கழிந்துவிடுதலால், அன்னார்க்கு மிகுதியான நேரம் அளித்தல் வேண்டும் என்பது. ஆகவே, விதி வகுத்தவரே அதன் விலக்கையும் கண்டிருந்தார்.

பிற்காலத்தே பல நாடுகளிலும் அம்மணி நேரம் ஐம்பது நிமிஷமாகச் சுருங்கியது. எஞ்சிய பத்து நிமிஷம் குறிப்பு எழுதவும் சிறிது இளைப்பாறவும் பயன்பட்டது. நம் நாட்டில் கிரீந்திரசேகர போஸ் 1922ஆம் ஆண்டில் கல்கத்தாவில் உளப்பகுப்பாய்வுக் கழகத்தை நிறுவினார். இங்கு ஒரு செய்தி நினைக்கத்தக்கது. இரண்டு நாழிகை கூடியது ஒரு முகூர்த்தம். அஃதாவது 48 நிமிஷம். மேனாட்டார் ஐம்பது நிமிஷம் என்று கொண்டதும் நாம் முகூர்த்தம் என்று கொண்டதும் ஏறக்குறைய ஓரளவினவே. எனவே, அளவு நமக்கு அயலானதன்று. அவ்வளவைக் கையாளும் முறையிலேதான் அயன்மை தோன்றுகின்றது.

பிரான்சு நாட்டு லக்கான் என்பார் இவ்வரையறையைப் புறக்கணித்தார். நோயாளி முக்கியமான சொல் ஒன்றைச் சொல்லியவுடன், சில நிமிஷமே கழிந்திருப்பினும், அமர்வை முடித்துவிடுவார். கடிகாரம் முடிவு செய்வதனினும் பொருள் முடிவு செய்தல் நன்று என்பது அவர் கொள்கை. அம்முறை பெரும் பூசலுக்கு ஏதுவாயிற்று. பயிற்சியளிப்போர் பட்டியலினின்று 1963ஆம் ஆண்டில் அவர் பெயர் நீக்கப்பட்டது. அவர் கொள்கையின் நுட்பம் எவ்வாறாயினும், எப்பொழுது எழுப்பப்படுவோம் என்று அறியாது அமர்ந்திருப்பவரின் நிலையை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கடிகாரத்தை நீக்கிய மாத்திரத்தில் நாடி வந்தவர் விடுதலை பெற்றுவிடவில்லை. முடிவு செய்யும் உரிமை முழுதும் எதிரிலிருப்பவர் கையிற் சேர்ந்தது.

நாடி வருவோர் உள்ளம்

நாடி வருவோரின் உணர்ச்சிகளை நால்வகையாகப் பகுத்துக் காணலாம்.

முதலாவது, கூச்சம். நம் நாட்டு மருத்துவமனைகளில் நெடுவரிசையில் நின்று இரண்டு நிமிஷம் மருத்துவரைக் கண்டு மீள்வதே பலர்க்கும் பழக்கம். அத்தகையோர்க்கு முழு ஐம்பது நிமிஷம் அளிக்கப்படுமாயின் மகிழ்ச்சியினும் அச்சமே முந்தும். "வெளியே பிறர் காத்திருக்கின்றார்களே, தங்கள் பொழுதை வீணாக்குகின்றேனே, அம்மா" என்று இடையிடையே கூறுவர், கடிகாரத்தைத் தாமே பார்த்துத் தம் துயரைத் தாமே சுருக்கிக்கொள்வர்.

இரண்டாவது, புண்படுதல். கேட்பவர் ஒருமுறை கடிகாரத்தை நோக்கினும், 'என் பேச்சு இவர்க்குச் சலித்துவிட்டது' என்று கொள்வர். கட்டணம் செலுத்துவோர்க்கு, அன்பும் நிமிஷக் கணக்கில் விற்கப்படுகின்றதோ என்னும் ஐயம் எழும். இவ்வையம் நம்மவரிடை மிகுதல் இயல்பு. மதுரையைச் சூழ்ந்த சிற்றூர்களில் துயருற்றோர் கோடாங்கியிடம் செல்வதுண்டு. அவர் உடுக்கை ஒலிக்க இரவெல்லாம் அமர்ந்திருப்பார். குறை இன்னதென்று வெளிப்படுங்காறும் எழுவதில்லை. வீட்டுப் பெரியவரும் நம் அழுகை தீருமுன் நேரம் பார்ப்பதில்லை. நம் நாட்டில் நோயாளி மருத்துவரைக் குருவின் நிலையில் வைத்து நோக்குதலைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று மருத்துவர் நேக்கி 1973ஆம் ஆண்டில் எழுதினார். குருவாகக் கருதப்பட்டவர் கைக்கடிகாரத்தை நோக்குவது எத்துணை வருத்தம் விளைக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

மூன்றாவது, ஆறுதல். இஃது முன்னவற்றிற்கு மாறானது, ஆயினும் மெய்யானது. துயரம் என்னும் பெட்டியைத் திறக்க அஞ்சுவோர், அது குறித்த நேரத்தில் மூடப்படும் என்று அறிந்தால் திறக்கத் துணிவர். 'இன்னும் பதினைந்து நிமிஷமே. தாங்கிக்கொள்வேன்' என்று கடிகாரத்தைப் பற்றுக்கோடாகக் கொள்வாரும் உளர். வீட்டில் ஒரு கணமும் தனக்கென்று இல்லாத பெண்ணுக்கு, செவ்வாய்தோறும் நான்கு மணி தனக்கே உரியது என்னும் நினைவு அவ்வாரம் முழுதும் துணையாகும்.

நான்காவது, முடிவைப் பற்றிய துயரம். அமெரிக்க நாட்டு ஜேம்ஸ் மான் 1973ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் பன்னிரண்டு அமர்வுகளோடு முடியும் முறை ஒன்றை விளக்கினார். முடியும் நாளைத் தொடக்கத்திலேயே கூறிவிடுவது அதன் இயல்பு. குழந்தைக்குக் காலம் எல்லையற்றது. வளர்ந்தோர்க்கோ நாட்காட்டியும் கடிகாரமும் எல்லை வகுக்கின்றன. இவ்விரண்டிற்கும் இடையே நேரும் போராட்டமே மனத்துயர் பலவற்றின் அடியில் உள்ளது என்பது அவர் கருத்து. ஒவ்வோர் அமர்வின் முடிவும் ஒரு சிறு பிரிவு. முன்னரே பிரிவாற் புண்பட்டவர்க்கு அச்சிறு பிரிவும் சிறிதன்று.

எமக்கு நேர்ந்தது

இதனை நூலறிவால் மட்டும் யாம் எழுதவில்லை. யாம் மாணவராயிருந்த காலத்து எம் தந்தையார் மறைந்தார். சில திங்கள் கழித்து, மதிப்பெண் குறைந்தது என்று சொல்லி ஆலோசகர் ஒருவரிடம் அனுப்பப்பட்டோம். அவர் பெயரும் இடமும் வேண்டா, அவர் தீயவரல்லர். நாற்பது நிமிஷம் மதிப்பெண்களைப் பற்றியே பேசினோம். சுவர்க் கடிகாரம் எம் முதுகுக்குப் பின்னே இருந்தது. அவர் கண்கள் எம் தோளைக் கடந்து செல்லும்போதெல்லாம் நேரம் ஓடுவதை அறிந்தோம். அவர் ஏட்டை மூடியபின், எழுந்து கதவருகே சென்று நின்று, "அப்பா போனது முதல் எனக்கு உறக்கமே இல்லை" என்றோம். அவர் மீண்டும் எம் தோளுக்கப்பால் நோக்கி, "அடுத்த வாரம் பார்ப்போம்" என்றார். வெளியே வேறொருவர் காத்திருந்தது உண்மை. ஆயினும் அடுத்த வாரம் யாம் செல்லவில்லை. விளாங்குடியில் பஸ்ஸை விட்டிறங்கி இருட்டில் வீட்டிற்கு நடந்தபோது, சொல்லியிருக்கவே கூடாது என்று எண்ணினோம்.

ஈராண்டு கழித்தே மற்றொருவரிடம் சென்றோம். அவர் மேசைமீது இருவர்க்கும் தெரியுமாறு சிறு கடிகாரம் ஒன்று வைத்திருந்தார். "நமக்கு ஐந்து மணி வரை நேரம் உண்டு. முடிவதற்குப் பத்து நிமிஷம் முன்னர்ச் சொல்லுவேன்" என்றார், அவ்வாறே சொன்னார். அப்பத்து நிமிஷத்தில் எம் தந்தையாரைப் பற்றிப் பேசத் தொடங்கினோம்.

வாயிலில் நின்று சொல்லும் சொல் தற்செயலானதன்று. மறுமொழி பெறுவதற்கு முன் ஓடிவிடக் கூடிய இடத்தில் நின்றே மனிதர் தம் பெருந்துயரைச் சொல்லத் துணிகின்றனர். நோயாளிகள் அமர்வுக்கு முன்னும் பின்னும் பேசுவனவற்றை வேறாகக் கருதுதலைப் பிராய்டும் கண்டு, அவற்றையும் அமர்வின் பகுதியாகவே கொள்ளல் வேண்டும் என்றார்.

தாமதம் பற்றி ஒரு சொல்

தாமதித்து வருதல் உள்ளத்தின் மறைவான எதிர்ப்பைக் காட்டும் என்று உளநூல்கள் கூறும். அது சிலரிடம் உண்மையே. ஆயினும் நம் ஊர்ப்புறத்தில் இதனை விரைந்து முடிவு செய்தல் தவறு. சமயநல்லூரிலிருந்து வருபவர் பஸ்ஸைத் தவறவிட்டிருக்கலாம்; குழாயில் தண்ணீர் வரும் நாளாய் இருக்கலாம்; மாமியார் அறியாமல் வெளிப்படுதல் அரிதாயிருக்கலாம். முதலிற் கேட்டறிதலே முறை. கேட்காமற் பொருள் கூறுவது, ஆலை வாயிலில் கதவடைத்தலை ஒக்கும்.

செயற்பாலன

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன சில. கடிகாரத்தை மறைத்தல் வேண்டா. இருவரும் காணும் இடத்தில் வைத்தல் நன்று. அஃது உரக்க ஒலியாததாய் இருத்தல் வேண்டும். நேரத்தின் அளவை முதல் நாளிலேயே சொல்லுக. ஏன் அவ்வளவு என்பதையும் சொல்லுக. காரணம் சொல்லப்பட்ட வரையறை அவமதிப்பாய்த் தோன்றாது. முடிவதற்குப் பத்து நிமிஷம் முன்னர் அறிவிக்க. கடிகாரத்தை நோக்க நேரின் திருட்டுத்தனமாய் நோக்காது, "இன்னும் நேரம் இருக்கின்றது, சொல்லுங்கள்" என்று வாய்விட்டுக் கூறுக. வாயிலில் நின்று சொல்லப்பட்ட சொல்லை, "நீங்கள் சொன்னது முக்கியமானது, அடுத்த முறை அதிலிருந்தே தொடங்குவோம்" என்று ஏற்றுக்கொள்க, ஏற்றுக்கொண்டதை மறவாது அதிலிருந்தே தொடங்குக.

இவற்றிற்கெல்லாம் ஒரு விலக்கு உண்டு. வந்தவர் சொல்லில் உயிரை மாய்த்துக்கொள்ளும் குறிப்பு இருப்பின், அப்பொழுது எந்த மணி அடிப்பினும் எழுதல் ஆகாது. நேரே கேட்டறிந்து, தனியே விடாது, தக்க துணையிடம் சேர்த்தபின்னரே அமர்வு முடியும். அறை மூடிய நள்ளிரவிலும் கேட்பதற்கு ஒருவர் உண்டு என்பதையும் சொல்லியனுப்புதல் கடமை. இந்திய அரசு 2022ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம். மாணவர் இவ்வெண்ணைத் தம் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் எழுதிக்கொள்வாராக.

ஆற்றுப்படை என்பது நம் இலக்கியத்தில் பழையதோர் வகை. பரிசு பெற்று மீள்பவன், வழியில் எதிர்ப்பட்ட வறியவனை நிறுத்தி, தான் சென்று வந்த வழியைக் கூறுவது அதன் இயல்பு. அவனுக்கும் வீடு திரும்பும் விரைவு உண்டு. எனினும் நின்று வழி சொல்லிய பின்னரே செல்கின்றான். அவன் பெயரால் வழங்கும் பணியை மேற்கொள்வோர்க்கும் நேரம் அளவுடையதே. அவ்வளவை மறைக்காது கூறி, அதற்குள் முழுமனத்தோடு நிற்றலே அவர்தம் கடன்.