செவிமடுத்தல் என்னும் தொண்டு
கல்லூரித் தொண்டர்களுக்கு ஒரு பாடம்



மேட்டூரிலிருந்து மாதேசுவரன் மலை வழியாக மைசூருக்குச் செல்லும் சாலையில் பாலாறு என்னும் சிற்றாறு குறுக்கிடுகின்றது. வேலூர்ப் பக்கம் ஓடும் பாலாறு வேறு. காவிரியில் கலக்கும் இப்பாலாறு வேறு. இதற்கு இப்பால் தமிழ்நாடு, அப்பால் கருநாடகம். அப்பாலுள்ள கொள்ளேகால் வட்டம் 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் வரை சென்னை மாநிலத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது மைசூர் மாநிலத்தோடு இணைந்தது; 1997-இல் சாமராசநகர் மாவட்டம் பிரியும்வரை மைசூர் மாவட்டத்தின் பகுதியாய் இருந்தது. எல்லைக்கோடு இடம் மாறிற்று. மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தனர். இருவேறு மொழி பேசும் அவர்கள் ஒரே சந்தையில் கொள்வனவும் கொடுப்பனவும் செய்தே வந்துள்ளனர்.

இச்சாலை வழியே ஒரு தமிழ் மாணவன் பெட்டியும் பாயுமாக மைசூரிலுள்ள கல்லூரி விடுதிக்குச் செல்கிறான் என்று கொள்வோம். 1991 டிசம்பரில் காவிரிப் பிணக்கை ஒட்டித் தமிழர் தாக்கப்பட்டதையும், 2016 செப்டம்பரில் பெங்களூரில் பேருந்துகள் எரிக்கப்பட்டதையும் அவன் வீட்டார் மறந்திலர். "அங்கே போய் யாரிடமும் வாய் கொடுக்காதே" என்று சொல்லியே அனுப்புவர். இப்புறம் வந்து பயிலும் கன்னட மாணவனுக்கும் அவன் தாய் இதே அறிவுரையைக் கூறாதிருப்பாளா? இருவரும் வாயை மூடிக்கொண்டே விடுதிக்குள் நுழைகின்றனர். அவர்தம் நெஞ்சிலுள்ளதைக் கேட்பார் யார்? இதுவே நமது பாடம்.

இப்பாடம் ஏன் வேண்டும்?

தேசியக் குற்ற ஆவணக் கூடத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டில் தற்கொலையால் இறந்த மாணவர் 13,044 பேர். 2025 மார்ச்சு மாதத்தில் உச்ச நீதிமன்றம், உயர்கல்வி நிலையங்களில் மாணவரின் மனநலத்தையும் தற்கொலைத் தடுப்பையும் ஆராய்தற்கென்றே ஒரு தேசியப் பணிக்குழுவை அமைத்தது. மருத்துவர் தொகையோ நாட்டின் தேவைக்கு மிகக் குறைவு. ஆகவே நோய் முற்றுமுன், துயர் சொல்லாகும் நிலையிலேயே, அதனைக் கேட்கும் செவிகள் வேண்டும். அச்செவிகள் உடன்பயிலும் மாணவர்களுடையனவாய் இருத்தல் தகும்.

பயிற்சி பெற்ற பொதுமக்களால் இது செய்தற்கு இயலுமோ என்று சிலர் ஐயுறுவர். அவர்கட்கு ஒரு வரலாறு கூறுவோம். 1953 நவம்பரில் இலண்டன் மாநகரில் சாட் வாரா என்னும் கிறித்தவக் குரு, தற்கொலை எண்ணம் உடையார் தம்மைத் தொலைபேசியில் அழைக்கலாம் என்று அறிவித்தார். அழைத்தவரும் நேரில் வந்தவரும் பலர். காத்திருப்போருக்குத் தேநீர் கொடுத்துப் பேசிக்கொண்டிருக்கச் சில தொண்டர்கள் அமர்ந்தனர். சில மாதங்களில் குரு ஒன்றைக் கண்டார்: தொண்டரிடம் பேசியவர் பலர், தம்மைப் பாராமலே ஆறுதலுற்றுத் திரும்பிவிட்டனர்! அதனை அவர் தமக்கு இழுக்கு என்று கருதாமல், 1954 பிப்ரவரியில் கேட்கும் பணியைத் தொண்டரிடமே ஒப்படைத்தார். சமாரித்தன்ஸ் என்னும் இயக்கம் இவ்வாறு வளர்ந்தது. 1974-இல் இலங்கையில் சுமித்ரயோவும், 1986-இல் சென்னையில் டாக்டர் இலட்சுமி விசயகுமார் நிறுவிய சினேகாவும், பயிற்சி பெற்ற தொண்டரைக் கொண்டே பணிபுரியத் தொடங்கின.

நம் கல்லூரிகளில் தொண்டருக்குக் குறைவில்லை. காந்தியடிகள் நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24-இல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்தோர், ஈராண்டில் 240 மணி நேரம் தொண்டாற்றக் கடமைப்பட்டவர். மரம் நடவும் குளம் தூர் வாரவும் செலவாகும் அந்நேரத்தில் 20 மணியேனும் செவிமடுக்கும் பயிற்சிக்கு ஒதுக்கலாமே என்பது நமது கருத்து.

முதற் பாடம்: செவிமடுத்தல்

காதில் விழுதல் வேறு, செவிமடுத்தல் வேறு. முன்னது முயற்சியின்றி நிகழ்வது. பின்னது முயன்று செய்வது. அமெரிக்க உளவியல் அறிஞர்களான கார்ல் ரோசர்சும் ரிச்சர்டு பார்சனும் 1957-இல் எழுதிய சிறு நூலொன்றில், இதனை முனைந்து கேட்டல் என்னும் பொருள்படப் பெயரிட்டு விளக்கினர். பேசுவோனை மாற்ற முயலாமல், அவன் நின்ற இடத்தில் நின்று அவன் காண்பதைக் காண முயல்வதே இதன் சாரம். இதனை ஐந்து படிகளாகப் பயிலலாம்.

ஒன்று, இடம். பலர் நடமாடும் உணவுக்கூடத்தில் துயர் பேச ஒண்ணாது. பிறர் காதில் விழாத, ஆனால் பிறர் கண்ணுக்கு முற்றும் மறையாத இடமே நன்று. கைப்பேசியை அணைத்து வைக்க.

இரண்டு, மௌனம். பேசுவோன் நிறுத்தியவுடன் நாம் தொடங்குதல் கூடாது. பத்து நொடி பொறுத்தால், அவன் சொல்ல அஞ்சிய சொல் தானே வெளிவருதல் உண்டு.

மூன்று, திறந்த வினா. "சாப்பிட்டாயா?" என்பதற்கு ஆம், இல்லை என்னும் விடையே உண்டு. "இந்த வாரம் உனக்கு எப்படிப் போயிற்று?" என்பதற்கு அவன் உள்ளமே விடை.

நான்கு, திருப்பிச் சொல்லல். அவன் கூறியதன் பொருளையும் உணர்ச்சியையும் நம் சொல்லில் கூறி, சரியா என்று கேட்டல்.

ஐந்து, தொகுத்துரைத்தல். முடிவில் கேட்டவற்றைச் சுருக்கிக் கூறி, அடுத்து என்ன செய்ய விரும்புகிறான் என்பதை அவனையே கேட்டல்.

ஓர் எடுத்துக்காட்டு. முதலாண்டு மாணவன் ஒருவன் தொண்டரிடம், "அண்ணா, அறைக்குப் போகவே மனமில்லை" என்கிறான். "இதெல்லாம் முதல் வருடத்தில் சகஜம் தம்பி, போகப் போகச் சரியாகிவிடும்" என்பது ஒரு விடை. "என் காலத்தில் நான் பட்டதைக் கேள்" என்பது மற்றொரு விடை. "வார்டனிடம் சொல்லி அறையை மாற்றிக்கொள்" என்பது மூன்றாவது. மூன்றும் அன்பினால் வந்தவையே. மூன்றும் கதவை அடைப்பவையே. முதலாவது அவன் துயரைச் சிறிதாக்கிற்று. இரண்டாவது பேச்சைத் தன்பால் இழுத்துக்கொண்டது. மூன்றாவது, நோய் இன்னதென்று அறியுமுன் மருந்து கொடுத்தது.

"அறைக்குப் போவதே பாரமாக இருக்கிறதா, தம்பி? அங்கே என்ன நடக்கிறது?" என்று கேட்டுக் காத்திருப்பவனே செவிமடுத்தவன். அப்போதுதான், "நான் உள்ளே வந்தால் அவர்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள், அண்ணா" என்னும் உண்மை வெளிப்படும்.

இரண்டாம் பாடம்: பன்மை உணர்தல்

அவர்கள் பேச்சை நிறுத்துவது எதனால்? மொழியாலோ, சாதியாலோ, சமயத்தாலோ, வறுமையாலோ? கேட்போன் இவ்வேறுபாடுகளை அறியானாயின், கேட்டும் விளங்கிக்கொள்ளான். ஆதலால் இரண்டாம் பாடம் இன்றி முதற் பாடம் நிறைவுறாது.

மொழியை முதலில் கொள்வோம். துயரம் தாய்மொழியிலேயே பிறக்கின்றது. ஆங்கிலத்தில் "நன்றாக இருக்கிறேன்" என்பவன், தாய்மொழியில் கேட்டால் அழுதுவிடுதல் உண்டு. எனவே தொண்டர் குழுவில் தமிழும் கன்னடமும் இந்தியும் பேசுவோர் கலந்திருத்தல் வேண்டும்.

அடுத்து உடற்குறை. மைசூரில் 1965-இல் நிறுவப்பெற்ற அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் கழகம், கேளாமையையும் பேச்சுக் குறையையும் ஆராய்ந்து பயிற்சி அளித்து வருகின்றது. செவி கேளாத மாணவரிடம் பேசுங்கால், அவர் கண்டறியும்படி நம் முகத்தில் வெளிச்சம் விழ அமர்தல், வாயை மறையாதிருத்தல், சைகையோ எழுத்தோ எது அவருக்கு எளிது என்று அவரையே கேட்டல் ஆகியவை தொண்டர் அறிய வேண்டுவன. கேட்டல் என்பது செவியின் தொழில் மட்டும் அன்று என்பதை அவரே நமக்குக் கற்பிப்பார்.

இனிச் சாதி. தில்லி அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகத்தைப் பற்றி 2007-இல் அறிக்கை அளித்த தோரட் குழு, தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்கள் விடுதியின் சில தளங்களில் ஒதுங்கி வாழ நேர்ந்ததை எடுத்துரைத்தது. இக்காலக் கல்லூரியில் "நீ என்ன சாதி?" என்று நேரே கேட்பார் குறைவு. "நுழைவுத் தேர்வில் உன் தர எண் என்ன?", "உன் முழுப் பெயர் என்ன?", "ஊரில் எந்தத் தெரு?" என்னும் வினாக்கள் அவ்வேலையைச் செய்கின்றன. தொண்டன் பழக்கத்தால் இவற்றுள் ஒன்றைக் கேட்டுவிட்டால், எதிரிலுள்ளவன் உள்ளம் அக்கணமே தாழிட்டுக்கொள்ளும்.

நம் பிள்ளைகள் எதிர்கொள்ளும் வினா இன்னும் ஒன்று உண்டு. "நான் பௌத்தன்" என்று அவன் கூறியவுடன், "அதற்கு முன்னே நீங்கள் யார்?" என்பர். கேட்பவர் அதனை அறியும் ஆவல் என்று எண்ணுகிறார். கேட்கப்பட்டவனுக்கோ, தான் விட்டு வந்த வீட்டிற்கே மீண்டும் இழுத்துச் செல்லப்படுவது போலாகின்றது. 1990-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் பௌத்தரும் பட்டியல் சாதியினர்க்குரிய உரிமைகளைப் பெறுவர். அவ்வுரிமைக்கெனச் சான்றிதழ் காட்டுதல் அலுவலகத்தோடு முடிவது. அதனை நண்பர் கூட்டத்திலும் காட்டுமாறு கேட்கும் உரிமை எவர்க்கும் இல்லை.

நாமும் விலக்கல்லோம். பிறரைத் திருத்தும் ஆர்வம் புதிதாய் ஒரு நெறியைத் தழுவியோரிடம் மிகுதி. நம் இளைஞன் தொண்டனாய் அமர்ந்திருக்க, ஒரு மாணவி வந்து, "அண்ணா, தேர்வில் தவறிவிட்டேன், குலதெய்வத்திற்கு வேண்டியும் பயனில்லை" என்று அழுகிறாள் எனக் கொள்வோம். தெய்வ நம்பிக்கையின் குற்றங்குறைகளை அவளிடம் எடுத்துரைக்க அவன் நா துடிக்கும். அந்நேரத்தில் அவன் வாதத்தில் வெல்லலாம், தொண்டில் தோற்றான். அவள் அழுதது தெய்வத்தைப் பற்றியன்று, தேர்வைப் பற்றி. இன்னும் ஆழ்ந்து கேட்டால், வீட்டார் முகத்தில் விழிப்பது எங்ஙனம் என்பதைப் பற்றி. நம்மை எவ்வாறு பிறர் கேட்க வேண்டுமென விழைகின்றோமோ, அவ்வாறே நாமும் கேட்டல் கடன்.

மூன்றாம் பாடம்: எல்லை அறிதல்

தொண்டன் மருத்துவன் அல்லன். கேட்டதைப் பிறரிடம் கூறாமை அவன் நோன்பு. ஆயினும் உயிருக்கு ஆபத்து என்று தோன்றின் அந்நோன்பு தளரும்; இதனைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுதல் நேர்மை. தற்கொலை எண்ணம் உண்டோ என ஐயம் எழுந்தால், நேராகவும் பரிவாகவும் கேட்க வேண்டும். கேட்பதனால் அவ்வெண்ணம் விதைக்கப்படும் என்னும் அச்சம் ஆதாரமற்றது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாது, ஆசிரியரையோ மருத்துவரையோ அழைத்தல் வேண்டும். 2022 அக்டோபரில் இந்திய அரசு தொடங்கிய டெலி மானசு என்னும் உதவித் தொலைபேசியின் எண் 14416. தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம்.

மற்றோர் எல்லையும் உண்டு. அதனை அழுத்திக் கூறுவோம். ஒருவனைச் சாதி சொல்லி இழிவுபடுத்தினால் அது மனநோய் அன்று, குற்றம். அவனை அமரவைத்துக் கேட்டு, மனத்தைத் தேற்றி அனுப்பிவிட்டு, இழிவு செய்தவரை வாளா விடுவது தொண்டாகாது, அநீதிக்குப் போர்வையாகும். பல்கலைக்கழக மானியக் குழு 2012-இல் வகுத்த விதிகள், வாய்ப்புச் சமத்துவப் பிரிவும் பாகுபாடு தடுப்பு அலுவலரும் உயர்கல்வி நிலையங்களில் அமைய வேண்டுமென்றன. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் உண்டு. பாதிக்கப்பட்டவன் விரும்பின், முறையீடு எழுதவும் உடன் செல்லவும் தொண்டன் துணை நிற்க வேண்டும். விரும்பாவிடில் வற்புறுத்தலாகாது, வழி உண்டு என்று அறிவித்துக் காத்திருக்க வேண்டும்.

பயிலும் முறை

மூவர் மூவராக அமர்க. ஒருவர் தமக்கு நேர்ந்த சிறு வருத்தம் ஒன்றைப் பத்து நிமிடம் பேசுக, ஒருவர் கேட்க, ஒருவர் நோக்குக. நோக்குபவர், கேட்பவர் எத்தனை முறை குறுக்கிட்டார், எத்தனை முறை அறிவுரை சொன்னார் என்பதைக் குறித்துக்கொள்க. பின்னர் இடம் மாறுக. இயன்ற அளவு, வேறு மொழியினரும் வேறு சமயத்தினரும் ஒரே மூவர் குழுவில் அமைதல் நன்று.

பின்வரும் வினாக்களுக்கு அன்பர்கள் தனியே இருந்து விடை தேடுக:

1. இவ்வாரம் நீர் அறிவுரை கூறியது எத்தனை முறை? கேட்கப்பட்டதற்காகக் கூறியது எத்தனை முறை?

2. எவருடைய பேச்சு தொடங்கியவுடனே உமது மனம் மூடிக்கொள்கின்றது? ஏன்?

3. உமது வீட்டில் இதுவரை எவரும் செவிமடுத்துக் கேளாதவர் யார்?

மூன்றாம் வினாவிற்கு விடை கண்டவர், இன்று மாலையே அவரருகில் சென்று அமர்க. பயிற்சியை அங்கே தொடங்கலாம்.