நீலப்புகை: பழைய காரின் ஒயில் எங்கே போகிறது?

வினா: பழைய பெற்றோல் கார் ஒன்றில் எஞ்சின் ஒயில் விரைவாகக் குறைகிறது. சைலன்சரில் நீலப்புகை வருகிறது.
(அ) இதற்கான காரணங்கள் இரண்டு தருக.
(ஆ) அவற்றுள் எது என எவ்வாறு கண்டறிவீர்?
(இ) திருத்தும் முறையைக் கூறுக.

மாணவர்களே, (அ) பகுதியைப் பெரும்பாலும் எல்லோரும் எழுதிவிடுகிறீர்கள். பிஸ்டன் (முசலம்) றிங் தேய்தல், வால்வு சீல் அல்லது வால்வு வழிகாட்டி பழுதடைதல் ஆகியனவே அவை. புள்ளி பறிபோவது (ஆ) பகுதியில்தான். "கராஜிற்குக் கொண்டு செல்வேன்" என்று ஒருவர் எழுதியிருந்தார்!

கராஜிலும் பிழைக்கலாம். எனது மாமா மொரிஸ் மைனர் ஒன்றில் ஹயர் ஓடியவர். 1990களில் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காதபோது அத்தகைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. முழுமையாக ஆவியாகாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரிலுள்ள ஒயிற்படலத்தைக் கழுவிக் கீழே இறங்கும். ஒயிலுடன் கலந்து அதன் பிசுக்குமையைக் குறைக்கும். தேய்வு விரைவாகும். இந்தக் கதையைக் கேட்டவுடனேயே, சோதிக்காமல், "றிங் போய்விட்டது" என்று எஞ்சினைக் கழற்றினார்கள். இரண்டு கிழமை ஹயர் இல்லை. புது றிங் போட்ட பிறகும் காலையில் ஸ்ரார்ட் செய்தால் அதே புகை. பழுது வால்வு வழிகாட்டியில் இருந்தது.

ஆகவே புகை எப்போது வருகிறது என்று முதலில் பாருங்கள். இரவு முழுவதும் நின்ற காரைக் காலையில் ஸ்ரார்ட் செய்யும்போது ஒரு முறை நீலமாக வந்து பின்னர் குறைந்தால், வால்வுத் தண்டு வழியே ஒயில் கசிந்து இறங்கியிருக்கிறது. வேகமாக ஓடி, அக்சிலேற்றரை விட்டு மீண்டும் மிதிக்கும்போது வந்தாலும் அப்படியே; அக்சிலேற்றரை விட்டதும் உள்ளெடுப்புக் குழாயில் அமுக்கம் மிகக் குறைவதால் ஒயில் உறிஞ்சப்படுகிறது. பாரம் ஏற்றி இழுக்கும்போது தொடர்ந்து புகைத்தால் றிங்கைச் சந்தேகிக்கலாம். (கரும்புகை எரிபொருள் கூடியதைக் காட்டும். இரண்டையும் குழப்ப வேண்டாம்.) ஒயில் வெளியே ஒழுகவில்லை, பிறீதர் குழாய் அடைபடவில்லை என்பதையும் இப்போதே உறுதி செய்க.

அடுத்தது அமுக்கச் சோதனை. எஞ்சினைச் சூடாக்கி நிறுத்தி, தீப்பொறி மின்சுற்றைத் துண்டித்து, எல்லாப் பிளக்குகளையும் கழற்றுக. அக்சிலேற்றரை முழுவதும் மிதித்தபடி ஸ்ரார்ட்டரால் சுழற்றி ஒவ்வொரு சிலிண்டரின் அமுக்கத்தையும் குறிக்க. பின்னர் ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மீண்டும் அளக்க. குறைந்திருந்த அமுக்கம் நன்கு உயர்ந்தால் றிங் அல்லது சிலிண்டர்ச் சுவர் தேய்ந்துள்ளது. ஒயில் அந்த இடைவெளியைத் தற்காலிகமாக அடைத்துவிட்டது. உயராவிட்டால் வால்வு சரியாக மூடவில்லை அல்லது ஹெட் கஸ்கற் பழுது.

இங்கே ஒரு பொறி உண்டு. வால்வு சீல் மட்டும் பழுதானால் அமுக்கம் குறையாது. நல்ல அமுக்கமும் காலைப் புகையும் சேர்ந்து வந்தால் அதுவே சீலுக்கான சான்று. மாமாவின் காரில் இதைப் பார்த்திருந்தால் எஞ்சினைக் கழற்றியிருக்கத் தேவையில்லை.

திருத்தம்: சீல் மாற்றுவது ஒப்பீட்டளவில் சிறிய வேலை. ஆனால் வழிகாட்டி தேய்ந்திருந்தால் அதையும் மாற்றாமல் சீல் நிலைக்காது. றிங் மாற்றுமுன் சிலிண்டரின் விட்டத்தை மேலும் கீழும், ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில் அளக்க வேண்டும். நீள்வட்டமாகத் தேய்ந்த சிலிண்டரில் புது றிங் பொருந்தாது. கடைந்து பெரிதாக்கிப் பெரிய அளவுப் பிஸ்டன் போட வேண்டும். தடித்த ஒயில் ஊற்றுவது புகையைச் சில காலம் குறைக்கலாம். அதைத் திருத்தம் என்று எழுத வேண்டாம்.

பயிற்சி: நான்கு சிலிண்டர்களின் அமுக்கம் சதுர அங்குலத்திற்கு 150, 145, 90, 150 இறாத்தல். ஒயில் விட்ட பின் 160, 155, 95, 160. மூன்றாம் சிலிண்டரின் பழுது யாது? காரணம் தருக. "றிங்" என்று எழுதினால் புள்ளி இல்லை.