ஃபிரீசர் பெட்டி போதிய அளவு குளிரவில்லையா?

பண்ணைக் குட்டையில் மீன் வளர்ப்போரும், ஆடு, நாட்டுக்கோழி வளர்த்து இறைச்சியாக விற்போரும் வீட்டில் ஒரு ஃபிரீசர் பெட்டி வைத்திருப்பதைப் பல ஊர்களில் காண்கிறோம். பிடித்த மீன் முழுவதையும் அன்றைய விலைக்கே தள்ளிவிடாமல், சில நாட்கள் வைத்திருந்து விற்க இது உதவுகிறது. ஆனால், பெட்டி சரியாகக் குளிராவிட்டால் வர வேண்டிய இலாபம் குப்பைக்குழிக்குப் போய்விடும். கோடை வந்ததும் ‘குளிர் குறைந்துவிட்டது’ என்று மெக்கானிக்கை அழைத்து, ஆண்டுதோறும் ‘கேஸ்’ ஏற்றிக்கொள்வோரும் உண்டு. இக்குறைகளுள் பலவற்றைச் செலவின்றி நாமே கண்டறிந்து நீக்க முடியும்.

பெட்டி செய்யும் வேலை என்ன?

ஃபிரீசர் பெட்டி குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே விடுகிறது. கிணற்றில் ஊறும் நீரை இறைத்து வெளியேற்றுவது போன்றதே இவ்வேலை. ஆகவே, குளிர் குறைந்தால் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். வெப்பம் அளவுக்கு மீறி உள்ளே வருகிறதா? உள்ளிருக்கும் வெப்பம் வெளியேற வழியில்லாமல் இருக்கிறதா?

முதலில் அளந்து பாருங்கள்

பெட்டியின் உள்ளே மைனஸ் 18 டிகிரி சென்டிகிரேடு அல்லது அதற்கும் கீழே இருத்தல் வேண்டும். மீன் கல் போல் இருக்கிறது என்பதை மட்டும் கொண்டு முடிவு செய்யக் கூடாது. மைனஸ் 5 டிகிரியிலும் மீன் கெட்டியாகத்தான் இருக்கும். ஆனால் அதிலுள்ள கொழுப்பு விரைவில் காறல் வாடை வீசத் தொடங்கும். மைனஸ் 30 டிகிரி வரை காட்டும் சாராய வெப்பமானி ஒன்றைப் பொட்டலங்களின் நடுவே வைத்து, ஓர் இரவு கழித்துப் பாருங்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது.

வரிசையாகப் பார்க்க வேண்டியவை

1. மின்சாரம்: மாலையில் பம்புசெட்டுகள் ஓடும் வேளையில் மின்னழுத்தம் குறைவதுண்டு. அப்போது கம்ப்ரசர் உறுமிவிட்டு, ‘டக்’ என்ற ஒலியுடன் நின்றுவிடும். சில நிமிடங்கள் கழித்து மீண்டும் அவ்வாறே செய்யும். இது தொடர்ந்தால் கம்ப்ரசர் எரிந்துபோகலாம். பெட்டியின் திறனுக்கு ஏற்ற ஸ்டெபிலைசர் பொருத்துதல் நலம். மின்சாரத்தை நிறுத்தினால் ஐந்து நிமிடம் கழித்தே மீண்டும் போட வேண்டும்.

2. திருகும் சுவிட்சும்: குளிரைக் கூட்டிக் குறைக்கும் திருகு, துடைக்கும்போது கைபட்டு நகர்ந்திருக்கலாம். பெரும்பாலான பெட்டிகளில் எண் கூடினால் குளிரும் கூடும். சில பெட்டிகளில் ‘குளிர வைக்க’, ‘உறைய வைக்க’ என இரு நிலைகள் கொண்ட தனிச் சுவிட்சு உண்டு. அதையும் பாருங்கள்.

3. கதவு ரப்பர்: ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி, மெல்ல இழுங்கள். தடையின்றி வந்துவிட்டால் அவ்விடத்தில் காற்று புகுகிறது என்று பொருள். நான்கு பக்கமும் இவ்வாறு சோதியுங்கள். மீன் செதிலும் பிசுக்கும் ஒட்டியிருந்தால் வெதுவெதுப்பான சோப்பு நீரில் துடைத்தாலே ரப்பர் படிந்துகொள்ளும். கிழிந்திருந்தால் மாற்ற வேண்டும்.

4. உறைபனி: உட்சுவரில் பனி அரை சென்டிமீட்டருக்கு மேல் படிந்தால், அது உள்வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கும். பொருட்களை வேறிடத்தில் பனிக்கட்டியுடன் வைத்துவிட்டு, மின்சாரத்தை நிறுத்திக் கதவைத் திறந்து வையுங்கள். உள்ளே ஒரு பாத்திரத்தில் சுடுநீர் வைத்தால் பனி விரைவில் இளகும். கத்தி, அரிவாள் கொண்டு சுரண்டவே கூடாது. உட்குழாயில் ஓட்டை விழுந்தால் கேஸ் முழுவதும் போய்விடும்.

5. பெட்டி இருக்கும் இடம்: பின்புறம் கருப்புக் கம்பி வலை உள்ள பெட்டியானால், மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அதில் படிந்த தூசியையும் உமியையும் தூரிகையால் தட்டிவிடுங்கள். மேல்கதவு உள்ள பெட்டிகள் பலவற்றில் வெப்பம் வெளிச்சுவர் வழியே வெளியேறும். அச்சுவர் சூடாக இருப்பது குறையன்று. அதன்மேல் சாக்குமூட்டைகளை அடுக்குவதே குறை. சுற்றிலும் 10 சென்டிமீட்டராவது இடைவெளி விடுங்கள். அடுப்பு, வெயில், தகரக் கொட்டகை ஆகியவை ஆகா. பெட்டியின் தகட்டில் ‘டி’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது 43 டிகிரி வரையும், ‘என்’ இருந்தால் 32 டிகிரி வரையும் உள்ள சூழலுக்கென்று செய்யப்பட்டது. நம் கோடைக்கு ‘டி’ வகையே ஏற்றது.

6. ஒரே நாளில் அதிகச் சுமை: 30 டிகிரியிலுள்ள ஒரு கிலோ நீரை 0 டிகிரிக்குக் கொண்டுவர 30 கிலோ கலோரி வெப்பத்தை அகற்ற வேண்டும். அதைப் பனிக்கட்டியாக்க மட்டும் மேலும் 80 கிலோ கலோரியை அகற்ற வேண்டும். மீனில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீரே. எனவே, 200 லிட்டர் பெட்டியில் ஒரு நாளைக்கு 7 முதல் 9 கிலோ வரை மட்டும் புதிதாக இடுங்கள். முதலில் ஐஸில் போட்டுக் குளிர வைத்து, சிறு பொட்டலங்களாகக் கட்டி, இடைவெளி விட்டு வையுங்கள்.

எப்போது மெக்கானிக்கை அழைப்பது?

மேற்கண்டவற்றைச் சரி செய்து ஒரு நாள் கழிந்தும் குளிர் வராவிட்டால் மெக்கானிக்கை அழையுங்கள். கம்ப்ரசர் ஓயாமல் ஓடியும் உட்சுவரின் ஒரு பகுதியில் மட்டும் பனி படிந்தால், கேஸ் கசிந்திருக்கலாம். கேஸ் என்பது எண்ணெய் போல் எரிந்து தீர்வதன்று. மூடிய குழாய்க்குள் சுற்றிச்சுற்றி வருவது. அது குறைந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. கசிவை அடைக்காமல் கேஸ் மட்டும் ஏற்றுவது, ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதாகும். எனவே, ‘கசிவு எங்கே?’ என்று முதலில் கேளுங்கள். இக்காலப் பெட்டிகள் பலவற்றில் தீப்பற்றும் கேஸ் உள்ளதால், குழாயில் நீங்களே கை வைக்க வேண்டாம். கம்ப்ரசர் கிளம்பாவிட்டால், அதனுடன் இணைந்த ரிலே போன்ற சிறு பாகம் பழுதாகியிருக்கலாம். அதைச் சோதிக்காமல் கம்ப்ரசரை மாற்றச் சம்மதிக்காதீர்கள்.

உள்ளே இருக்கும் பொருளை என்ன செய்வது?

பெட்டி நின்றுவிட்டால் கதவைத் திறக்காதீர்கள். நிறைந்த பெட்டி ஏறத்தாழ 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் குளிரைத் தாங்கும். கடும் கோடையில் இது குறையும். காலியிடத்தில் முக்கால் பங்கு நீர் நிரப்பிய பாட்டில்களை வைத்தால் குளிர் கூடுதல் நேரம் நிற்கும். பின்னர் திறக்கும்போது மீனிலும் இறைச்சியிலும் பனித்துகள் இருந்தாலோ, வெப்பநிலை 4 டிகிரிக்கு மேற்படாமல் இருந்தாலோ மீண்டும் உறைய வைக்கலாம். சுவை சற்றுக் குறையும். 4 டிகிரிக்கு மேல் இரண்டு மணி நேரத்திற்கு அதிகமாக இருந்திருந்தால், வாடை இல்லாவிட்டாலும் புதைத்துவிட வேண்டும். அதை விற்பது வாங்குபவரின் உடலுக்குக் கேடு. உங்கள் பெயருக்கும் கேடு.

நீங்கள் வெளியூர் செல்லும்போது மின்சாரம் நின்று வந்ததை அறியவும் வழியுண்டு. ஒரு கிண்ணத்தில் நீரை உறைய வைத்து, அதன்மேல் ஒரு நாணயத்தை வைத்துப் பெட்டிக்குள் விட்டுச் செல்லுங்கள். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் பொருளுக்குப் பழுதில்லை. அது பனிக்குள் அடியில் கிடந்தால், நீங்கள் இல்லாதபோது எல்லாம் இளகி மீண்டும் உறைந்துள்ளது. அப்பொருளை விற்கவோ உண்ணவோ வேண்டாம்.

வாரம் ஒருமுறை வெப்பமானியைப் பார்த்து நாட்குறிப்பில் எழுதி வாருங்கள். மைனஸ் 18 என்பது மைனஸ் 14 ஆகும் வாரத்திலேயே குறையைக் கண்டுகொண்டால், மீனும் பணமும் மிஞ்சும்.