பன்னிரண்டு டம்ளர் போதும், அம்மிணி

கொழிஞ்சாம்பாறை,
மார்கழி மாதம்.

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பிச்சி எழுதுவது. கிறிஸ்துமஸ் லீவில் மூணாறு எஸ்டேட் லயத்துப் பிள்ளைகளைக் கூட்டிவைத்து கப் விளையாட்டு நடத்தப் போவதாக எழுதியிருந்தாய். அப்பிச்சிக்கு ரொம்பச் சந்தோஷம். பத்து நாள் லீவில் பிள்ளைகள் செல்போனுக்குள் தலையைக் கவிழ்த்துக் கிடக்காமல் வாசலில் உட்கார்ந்து சிரிக்க வேண்டும் என்று நினைத்தாயே, அது நல்ல மனசு. ஆனால், கடைவீதியில் நூறு பிளாஸ்டிக் கப் அடங்கிய கட்டு இரண்டு வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்றும் எழுதியிருக்கிறாய். அந்தக் கட்டுகள் மட்டும் வேண்டாம், அம்மிணி. ஏன் வேண்டாம், அதற்குப் பதில் என்ன செய்யலாம் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

கப் விளையாட்டுக்கு மைதானம் வேண்டாம், பந்தயச் சாமான் வேண்டாம். லயத்து வாசலில் ஒரு பாய் விரிக்க இடம் கிடைத்தால் போதும். உன் பிள்ளைகளில் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் இருப்பார்கள், மலையாளம் பேசுகிறவர்கள் இருப்பார்கள், ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் கொழுந்து பறிக்க வந்த குடும்பத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள். அடுக்கிக் கலைக்கிற ஆட்டத்துக்கு யாருக்கும் எந்த மொழியிலும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஒருமுறை செய்து காட்டினால் அடுத்த நிமிடம் ஆட்டம் ஆரம்பித்துவிடும்.

இந்த அடுக்கும் ஆட்டத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில், கலிபோர்னியாவின் ஓஷன்சைடு ஊரில் ஒரு சிறுவர் மன்றத்தில் வெய்ன் காடினெட் என்பவர் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தார். 1990இல் ஜானி கார்சனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அந்தப் பிள்ளைகள் ஆடிக் காட்ட, நாடே பார்த்தது. பிறகு கொலராடோ மாநிலத்துப் பள்ளி ஆசிரியர் பாப் ஃபாக்ஸ் இதை வகுப்பறைகளுக்குக் கொண்டுபோனார். 2001இல் இதற்கென்று உலக அளவிலான சங்கமே உருவானது. மூன்று மூன்றாக மூன்று கோபுரம் கட்டி, கட்டியதை மறுபடி ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி முடிக்கும் ‘3-3-3’ ஆட்டத்தை இன்றைக்கு 2 வினாடிக்குள் முடிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அந்தப் போட்டிகளில் ஆடும் பிள்ளையின் முன்னால் இருப்பது மொத்தம் பன்னிரண்டே கப். கெட்டியான பிளாஸ்டிக்கில் செய்தவை. ஒன்றுக்குள் ஒன்று காற்றடைத்து ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அடியில் துளை போட்டிருப்பார்கள். அதே பன்னிரண்டை வருடக்கணக்கில் வைத்துப் பழகுவார்கள். கப்பின் எடை விரலுக்குத் தெரிந்த பிறகுதான் கையில் வேகம் வரும். டீக்கடையில் கொடுக்கிற மெல்லிய கப்பை நாலு தரம் அழுத்திப் பிடித்தால் நசுங்கி விளிம்பு வெடித்துவிடும். நாளுக்கொரு புதுக் கட்டைப் பிரித்துக் கொடுத்தால் பிள்ளை எதையும் பழக முடியாது. ஆகவே, சட்டத்துக்கும் காட்டுக்கும் முன்னால், ஆட்டத்துக்கே அந்தக் கப் பொருந்தாது என்பதுதான் அப்பிச்சியின் முதல் காரணம்.

சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் சாமான்களுக்குத் தடை. கேரளத்தில் 2020 ஜனவரி 1 முதல். பிளாஸ்டிக் கப், தட்டு, ஸ்ட்ரா போன்றவற்றை 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கவே தடை செய்துவிட்டார்கள். மூணாறு, தேக்கடி, வாகமண், நெல்லியாம்பதி போன்ற மலை ஊர்களில் 2025 அக்டோபர் 2 முதல் இவை கூடாது என்று கேரள உயர் நீதிமன்றமும் அந்த ஆண்டு தனியாக உத்தரவு போட்டது. ஆகவே கடைக்காரர் கப்புக் கட்டை மேசைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாலும் நீ வாங்கக் கூடாது. பிள்ளைகளுக்கு நல்லது சொல்லும் இடத்தில் நிற்கிறவள் நீ.

பேப்பர் கப் இருக்கிறதே என்று கேட்பாய். கேரளத்தின் தடைப் பட்டியலில் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் சேர்த்திதான். அந்தக் கப்பின் உட்புறத்தில் தண்ணீர் ஊறாமல் இருக்க மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கும். சூடான 100 மில்லி பானத்தை அதில் 15 நிமிடம் வைத்தால் சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் பானத்தில் கலக்கின்றன என்று கரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் 2020இல் சொன்னார்கள். விளையாட்டு முடிந்து பிள்ளைகளுக்குச் சுக்குக் காப்பி கொடுக்கவும் அது ஆகாது.

உன் ஊரில் இன்னொரு விஷயம் இருக்கிறது. மூணாறுப் பக்கம் படையப்பாவைத் தெரியாத பிள்ளை கிடையாது. ரஜினி படத்தின் பெயரைச் சூடிக்கொண்டு எஸ்டேட் ரோட்டில் நடக்கும் அந்தக் கொம்பன், கல்லாறில் உள்ள குப்பைக் கூடத்துக்கும் வருவான். மற்ற காட்டானைகளும் வரும். காய்கறிக் கழிவின் வாசனை இழுக்கும். அதோடு ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக்கும் வயிற்றுக்குள் போகும். நம் எல்லைக்குக் கிழக்கே கோவை மருதமலை அடிவாரத்தில் 2025 மே மாதம் சினையாக இருந்த ஒரு பெண் யானை செத்துப்போனது. பிரேதப் பரிசோதனையில் அதன் வயிற்றில் பிளாஸ்டிக் இருந்தது. பாயசம் ஒட்டிய கப்பை லயத்துப் பின்புறம் வீசினால் அது யாருடைய வாய்க்குப் போகும் என்பது உனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

காற்றையும் மறக்காதே. மேற்குத் தொடர்ச்சி மலையில் 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்துகிடக்கிறது நம் பாலக்காட்டுக் கணவாய். மார்கழியிலும் தையிலும் கிழக்குக் காற்று அதன் வழியாகத்தான் அடித்துக்கொண்டு வரும். கொழிஞ்சாம்பாறையில் திறந்த வாசலில் மெல்லிய கப்பில் கோபுரம் கட்டினால் இரண்டாவது தட்டு ஏறும் முன்பே வாய்க்காலில் கிடக்கும். வாய்க்காலில் விழுந்தது சித்தூர்ப்புழை, பாரதப்புழை என்று போய்ப் பொன்னானியில் கடல் சேரும். உன் பக்கம் பறந்தது முதிரப்புழையில் விழுந்து பெரியாற்றுக்குப் போகும்.

சரி, என்ன வாங்குவது?

ஒரே அளவில் எவர்சில்வர் டம்ளர் வாங்கு. வாய் அகன்று அடி குறுகிய, மேல்விளிம்பு மடித்த சின்ன டம்ளராக இருக்கட்டும். கவிழ்த்து அடுக்கினால் அசையாமல் நிற்கும், ஒன்றுக்குள் ஒன்று செருகிவைக்கவும் வரும். இருபத்து நாலு பிள்ளைகள் என்றால் ஆறு ஆறு பேராக நாலு அணி, அணிக்குப் பன்னிரண்டு, ஆக நாற்பத்தெட்டு. ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குட்டிகளுக்குச் சில்வர் கனம், காலில் விழுந்தால் வலிக்கும். அவர்களுக்குக் கழுவி வைத்துக்கொள்கிற கெட்டிப் பிளாஸ்டிக் டம்ளர் ஒரு டஜன் தனியாக இருக்கட்டும். வீட்டுக்கு வீடு டம்ளர் கொண்டுவரச் சொன்னால் என்ன என்று தோன்றும். நம் வீட்டுப் பாத்திரங்களில் பெயர் வெட்டியிருப்பதால் கலந்தாலும் பிரித்துவிடலாம்தான். ஆனால் உயரம் ஒத்துவராது, கோபுரம் சாய்ந்துவிடும். காப்பி குடிக்க மட்டும் அவரவர் டம்ளரைக் கொண்டுவரச் சொல்.

இனி ஆட்டங்களுக்கு வருவோம். முதலில் கோபுரம். கீழே மூன்று, மேலே இரண்டு, உச்சியில் ஒன்று. ஆறு டம்ளரையும் கட்டிக் கலைத்துச் செருகி முடிக்க எத்தனை வினாடி என்று கணக்குப் பார். இரண்டு கையும் மாறி மாறி வேலை செய்ய வேண்டும் என்பது முக்கிய விதி. கை பழகியதும் பத்து டம்ளர்: நாலு, மூன்று, இரண்டு, ஒன்று. சிமென்ட் தரையில் ஆடினால் சத்தம் காதைப் பிளக்கும். ஒரு சாக்கை மடித்து விரித்துக்கொள்.

இரண்டாவது, கை படாமல் அடுக்குவது. அப்பிச்சிக்கு எல்லாவற்றிலும் பிடித்தது இதுதான். ஒரு ரப்பர் பேண்டில் ஆறு நூலைச் சுற்றிலும் கட்டு. ஆளுக்கொரு நூல்முனை. ஆறு பேரும் ஒரே நேரத்தில் இழுத்தால் ரப்பர் விரியும், டம்ளருக்கு மேல் இறங்கும். மெல்லத் தளர்த்தினால் கவ்விக்கொள்ளும். அப்படியே தூக்கி வைத்துக் கோபுரம் கட்ட வேண்டும். ஒருவன் அவசரப்பட்டு இழுத்தால் எல்லோருக்கும் போச்சு. இதற்கு மட்டும் கெட்டிப் பிளாஸ்டிக் டம்ளரை எடுத்துக்கொள், சில்வர் வழுக்கும். எப்போதும் கத்துகிற பிள்ளையையும் வாயே திறக்காத பிள்ளையையும் ஒரே அணியில் போடு. பத்து நிமிடத்தில் இருவரும் தணிந்த குரலில் பேசிக்கொள்வதைப் பார்ப்பாய்.

மூன்றாவது, ஊதுவது. ஐந்து டம்ளரை வரிசையாக ஒட்டிவைத்து வாய் வரை தண்ணீர் நிரப்பு. முதல் டம்ளரில் ஒரு பிங்பாங் பந்து. வாயால் ஊதியே கடைசி டம்ளர் வரை கடத்த வேண்டும். தண்ணீர் குறைந்தால் பந்து ஏறாது, அதனால் ஆளுக்கு ஆள் நிரப்பிக்கொண்டே இரு. செண்டுவாரை, செவன்மலைப் பக்கமெல்லாம் தரையில் உறைபனி படிகிற மாதம் இது. இந்த ஆட்டத்தை வெயில் ஏறிய மத்தியானத்தில் வை, சளி பிடித்த பிள்ளையை நேரம் பார்க்கும் வேலையில் உட்கார்த்து.

நான்காவது, எறிவது. நம் ஏழாங்கல்லேதான், கல்லுக்குப் பதில் ஆறு டம்ளர், ரப்பர் பந்துக்குப் பதில் பழந்துணியைச் சுற்றிக் கட்டிய பந்து. அடித்துக் கலைத்த அணி, எதிரணி பந்தை எடுத்துவந்து ஒருவன் மேல் போடுவதற்குள் திரும்ப அடுக்க வேண்டும்.

டம்ளரே வேண்டாத ஆட்டங்களும் உண்டு. நம் தென்னந்தோப்பில் கொட்டாங்குச்சிக்குப் பஞ்சமில்லை. கண் இல்லாத அடிப்பாதிகளாகப் பார்த்து, விளிம்பை உப்புத்தாளில் தேய்த்து ஒரு சாக்கு நிறைய அனுப்பிவைக்கிறேன். மூன்றைக் கவிழ்த்து ஒன்றுக்குள் புளியங்கொட்டையை ஒளித்து வேகமாக இடம் மாற்றிக் கண்டுபிடிக்கச் சொல். கிச்சுக் கிச்சுத் தாம்பாளம் ஆடிய பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து கொட்டாங்குச்சியைத் தரையில் தட்டித் தட்டிப் பக்கத்து ஆளுக்கு நகர்த்தலாம். எட்டு எண்ணிக்கை, ஆதி தாளம். பெயரிலேயே பாலக்காட்டைச் சுமந்த மிருதங்கக்காரர் மணி ஐயரைப் பற்றி அந்த நேரத்தில் பிள்ளைகளுக்கு இரண்டு வார்த்தை சொல். நூல் டெலிபோனுக்கு இரண்டு தீப்பெட்டியோ கழுவிய தயிர் கப்போ போதும். நூலை விறைப்பாகப் பிடித்தால்தான் பேச்சு போகும், தொய்ந்தால் போகாது. குரலின் அதிர்வை விறைத்த நூல்தான் கடத்துகிறது என்று பெரிய பிள்ளைகளுக்கு விளங்கச் சொல்.

தோற்றவரை வெளியே உட்காரவைக்கும் ஆட்டம் எதையும் வைக்காதே. முதல் சுற்றிலேயே வெளியேறும் குட்டிப் பிள்ளை மிச்ச நேரமெல்லாம் வேடிக்கைதான் பார்க்கும். அணிக்குப் புள்ளி கொடு. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பத்துப் புள்ளி. டம்ளரைக் கழுவித் துடைத்து எண்ணிப் பன்னிரண்டையும் திரும்பக் கொடுக்கும் அணிக்கு இன்னொரு பத்து. இந்த விதியை ஆட்டம் தொடங்கும் முன்பே சொல்லிவிடு. பன்னிரண்டாவது டம்ளரைத் தேடிப் பிள்ளைகள் தேயிலைச் செடிக்கு அடியில் குனிவார்கள். அந்தத் தேடலும் ஆட்டத்தில் சேர்ந்ததுதான். 2015இல் கேரளத்தில் தேசிய விளையாட்டுப் போட்டி நடந்தபோது அரசின் துப்புரவு அமைப்பான சுசித்வ மிஷன் இதைத்தான் பெரிய அளவில் செய்தது. எறிகிற சாமான்களை விலக்கி, கழுவிப் புழங்குவதைக் கொண்டுவந்தது. ‘பசுமை நெறிமுறை’ என்ற அந்த ஏற்பாடு பிறகு கல்யாண வீடுகளுக்கும் வந்தது.

ஏற்கெனவே யார் வீட்டுப் பரணிலாவது பழைய கப்புக் கட்டு கிடந்தால், அதை எரிக்க விடாதே. சுத்தமானதைக் கிழியும் வரை ஆட்டத்துக்கு வைத்துக்கொள். கிழிந்ததைக் கழுவிக் காயவைத்து, வீடு வீடாகக் குப்பை வாங்க வரும் ஹரித கர்ம சேனை அக்காமாரிடம் கொடு. சாப்பாடு ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிரிப்பது அவர்களுக்கு எவ்வளவு சிரமம் என்று பிள்ளைகளுக்கு அவர்கள் வாயாலேயே சொல்லவை. அவர்களையும் ஒரு மாலை ஆட்டத்துக்குக் கூப்பிடு.

டம்ளருக்கான பணத்தை உன் அப்பன் கணக்கில் போட்டிருக்கிறேன். பொங்கலுக்கு இடுக்கிக்கும் பாலக்காட்டுக்கும் அரசு உள்ளூர் விடுமுறை உண்டு. அப்போது நீ இறங்கி வரும்போது இரண்டு செட்டைக் கையோடு எடுத்துவா. இங்கே நம் தெருப் பிள்ளைகள் இப்போதே அணி பிரித்துவிட்டார்கள். ரப்பர் பேண்டு ஆட்டத்தில் உன் லயத்துப் பிள்ளைகள் எடுத்த குறைந்த நேரம் எவ்வளவு என்று அதற்கு முன்னால் எழுதி அனுப்பு. இவர்கள் அதை முறியடிக்கப் பழக வேண்டும்.

அம்மாயி உனக்குப் பனங்கருப்பட்டி எடுத்துவைத்திருக்கிறாள். உடம்பைப் பார்த்துக்கொள், சாமி.

இப்படிக்கு,
உன் அப்பிச்சி