ரிமோட்டை வைத்து ஒரு கேமரா சோதனை

ஏலச்செடி வாடப்போறதை அகச்சிவப்பு கேமரா முன்கூட்டியே காட்டும்னு கேள்விப்பட்டு, போடியில் பழைய கேமரா தேடுற நண்பர்களே, காசு கொடுக்கும் முன் ஒரு டிவி ரிமோட்டைக் கையோடு கொண்டுபோங்க.

ரிமோட் முனையை லென்ஸுக்கு நேரே நீட்டிப் பொத்தானை அழுத்தணும். திரையில் வெளிச்சப் பொட்டு தெரிந்தால் அகச்சிவப்பு உள்ளே போகுது. என் கைபேசியில் முன்பக்கக் கேமராவில் தெரிஞ்சது, பின்பக்கம் தெரியலை. அங்கே தடுப்புக் கண்ணாடி பலமா இருக்கு.

பொட்டு மட்டும் போதாது. 720 நானோமீட்டர் வடிகட்டியை லென்ஸில் மாட்டி, முக்காலியில் வைத்து, வெயிலில் நிற்கும் செடியைப் படமெடுங்க. இலையின் உள் செல்கள் அகச்சிவப்பைத் திருப்பி அனுப்புவதால் நல்ல பச்சை இலை வெள்ளையா விழணும். படம் பதியப் பல நொடி பிடித்தால் அந்தக் கேமரா வேண்டாம். போடிமெட்டுக் காற்றில் எந்த இலை அசையாம நிக்கும்? படத்தின் நடுவில் மட்டும் வெளுத்த வட்டம் விழுந்தால் லென்ஸும் ஆகாது.

இதில் தேறினாலும் ஏலத்துக்கு ஒரு சிக்கல் இருக்கு. நிழல்மர இலைகள் சிவப்பு ஒளியை எடுத்துக்கிட்டு அகச்சிவப்பில் கணிசமான பங்கைக் கீழே விட்டுடும். அதனால் நிழலில் நிற்கும் செடியையும் வெயிலில் நிற்கும் செடியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, நோய்னு முடிவு கட்டாதீங்க. ஒரே நிழலில், ஒரே நேரத்தில் எடுத்த படங்களை மட்டும் ஒப்பிடுங்க.